அவங்கவங்க சேதி

என் நாத்தனாரைப் புகழ்ந்து ஒருநாள் நானே எழுதுவேன் என்று என் கல்யாணத்தில் யாராவது சொல்லியிருந்தால், பந்தி அப்பளத்தை எடுத்து அவர்கள் தலையிலேயே நொறுக்கியிருப்பேன். நாத்தனார் என்றால் எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். என்னிடமும் ஒன்று இருந்தது. பிற்பாடு அது வேறு மாதிரிக் கதையாகப் போய்விட்டது.

பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆளே போய்ச் சேர்ந்துவிட்டார், இனிமேல் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். உங்களுக்கு அவரைத் தெரியாது, அதனால் கேட்கிறீர்கள். மந்தைவெளியில் ஒரு தெரு. தெருவின் பெயரும் கிடையாது. வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிட்டேன். இங்கேயும் அண்ணி என்றே இருக்கட்டும். அவருக்குப் புருஷன் இருந்தாரா, இருந்து போனாரா, ஏன் தம்பி வீட்டுக் கீழ்ப்போர்ஷனில் தனியாக இருந்தார் என்பதெல்லாம் அவர் சொந்த விஷயம். அதையும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது.

கீழ்ப்போர்ஷனின் முன்னறையில் அண்ணி ஜாக்கெட் தைத்தார். மந்தைவெளி, மயிலாப்பூர், இந்தப் பக்கம் அடையாறு வரைக்கும் அவரிடம் தைத்துப் போட்டவர்கள் வேறொருவரிடம் துணியைக் கொடுக்க மாட்டார்கள். தோளில் ஒரு சுருக்கம் விழாது, கையில் ஒரு பிடிப்பு இருக்காது. ஆனால் ஆள் சிரித்துப் பேசுகிறவர் இல்லை. யார் என்ன கேட்டாலும் முதலில் கழுத்தில் தொங்கும் டேப்பை இழுத்துச் சரி செய்வார். அப்புறம் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. அதற்கும் அப்புறம்தான் வாய் திறக்கும்.

"நீ யாரு? எதுக்குக் கேக்குற?"

"சாப்பிட்டீங்களா" என்று விசாரித்த ஒருவரிடமே அப்படிக் கேட்டார் என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். என் மாமியார் பெற்ற மகளையே கல்லுளிமங்கி என்றுதான் சொல்லுவார். "வாயில கொழுக்கட்டையாடி வெச்சிக்கினு கீற?" என்று கத்துவார். அண்ணி மிஷினை மிதித்துக்கொண்டே இருப்பார்.

ஒருமுறை ஒரு மனிதர் வந்தார். நல்ல சட்டை, நல்ல கார். மனைவிக்குப் பிறந்தநாளாம், பட்டுப்புடவை வாங்கிவிட்டாராம், அவளுக்குத் தெரியாமல் ஜாக்கெட்டும் தைத்து அசத்த வேண்டுமாம். "அவ அளவுதான் உங்ககிட்ட இருக்கே, அப்படியே தைச்சுடுங்க. இல்ல, அளவை மட்டும் சொல்லுங்க, வேற எங்கயாவது குடுத்துக்கறேன்" என்றார்.

"அளவு அவங்களது."

"நான் அவ புருஷன்மா."

"இருங்க. யாரு வேணாம்னது? அளவு அவங்களது. அவங்க அளவு ஜாக்கெட்டைக் கொண்டாந்து குடுத்தா தைக்கிறேன்."

அவர் முகம் சிவந்துபோய்க் கிளம்பினார். எனக்கு அண்ணி மேல் கோபமாக வந்தது. பாவம், ஆசையாக வந்த மனுஷன். வாடிக்கையை இப்படியா துரத்துவது? அந்த வாரமே அவர் மனைவி, அடுத்த தெருக்காரி ஒருத்தியையும் அழைத்துக்கொண்டு வந்து தைத்துக்கொண்டு போனார். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "என் இடுப்பளவு எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும், அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சா தினம் கிண்டல் பண்ணுவாரு" என்றார். அண்ணி அதற்கும் சிரிக்கவில்லை.

என் சமாச்சாரத்துக்கு வருகிறேன். கல்யாணமான புதிதில் எனக்கு ஒருமுறை உண்டாகிக் கலைந்துபோயிற்று. உண்டானபோது மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அதனால் கலைந்த பிறகு தெருவெல்லாம் வந்து துக்கம் விசாரித்தது. காய்கறிக்காரர் வரைக்கும் "விடும்மா, அடுத்தது நிக்கும்" என்றார். வெளியே தலைகாட்ட வெட்கமாக இருந்தது. செத்துப் போகலாம் என்றுகூட இருந்தது.

அதற்கப்புறம் ஒரு தீபாவளிக்கு முன்னால் பழைய ஜாக்கெட் ஒன்று கொக்கி மாட்டவில்லை. சோறு கொஞ்சம் அதிகமாக இறங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டு அண்ணியிடம் கொண்டுபோனேன். அண்ணி டேப்பை வைத்தார். ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பக்கத் தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தார். "இன்னும் ரெண்டு தையல் உள்ள இருக்குது, வேணும்னா பிரிச்சுக்கோ" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை. பிற்பாடு டாக்டரைப் பார்த்து, கொஞ்ச நாள் பொறுத்து, நானே வீட்டில் சொன்னபோது மாமியார் அண்ணி மேல் பாய்ந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?"

"தெரியும்."

"பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா இன்னாடி?"

"அது அவ சேதி. அவதான் சொல்லணும்."

நான் சமையலறையில் நின்று கேட்டேன். அன்றைக்கு அண்ணி மேல் எனக்குப் பிரியம் வந்தது நிஜம். ஆனால் நாத்தனார் ஆயிற்றே, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அண்ணியை வெளியில் அழைத்துப் போனால் மானம் போகும். தி.நகரில் ஆடித் தள்ளுபடி, பில் போடும் இடத்தில் வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது. கவுண்டரில் இருந்த பெண், "போன் நம்பர் சொல்லுங்கம்மா" என்றாள்.

அண்ணி டேப் இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டார். "எதுக்கு?"

"பில்லு போடணும்மா."

"பில்லு துணிக்குத்தானே?"

"நம்பர் போடலைன்னா சிஸ்டம் எடுக்காதும்மா."

"அப்ப உன் நம்பரப் போட்டுக்கோ."

பின்னால் சலசலப்பு. "நம்பரைச் சொல்லிட்டுப் போங்கம்மா, லேட்டாகுது! இப்ப இன்னா, என் நம்பரப் போட்டுக்கோம்மா" என்று ஒருவர் பத்து எண்ணையும் உரக்கச் சொல்லிக் காட்டினார். அண்ணி திரும்பிப் பார்த்து, "சார், இங்க நிக்கிற அத்தினி பேருக்கும் உங்க நம்பரு தெரிஞ்சுபோச்சு" என்றார். வரிசையே சிரித்தது. நான் புடவை மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சூப்பர்வைசர் ஓடி வந்து நம்பர் இல்லாமலே பில் போட்டுக் கொடுத்தார். படி இறங்கும்போது அண்ணி, "எடுக்காதுன்ன சிஸ்டம் எடுத்துக்கிச்சு பாத்தியா" என்றார். வெற்றிதான், ஆனால் நான் பேருந்தில் தனி சீட்டில் உட்கார்ந்தேன்.

மத்தியானத்தில் அண்ணிக்குப் போன் வரும். கை வேலையாக இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கொக்கி தைப்பார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். சும்மா சொல்லக்கூடாது, சீரியல் தோற்றது.

"மேடம், உங்க ஹெல்த் பாலிசிக்கு போனஸ் வந்திருக்கு மேடம்."

"யாரு பாலிசிக்கு?"

"உங்க பேர்ல இருக்கிற பாலிசிதான் மேடம்."

"என் பேரு இன்னா?"

"வெரிஃபிகேஷனுக்காக நீங்கதான் மேடம் சொல்லணும்."

"போன் போட்டது நீ. யாருக்குப் போட்டேன்னு உனக்கே தெரியலையா? போயி விசாரிச்சிக்கினு வா."

இதையெல்லாம் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு வலி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் கேட்டாலும் அண்ணி அப்படித்தான். ஒருநாள், "அண்ணி, நீங்க எந்தக் கம்பெனில பாலிசி எடுத்திருக்கீங்க? நாளைக்கு அவசரம்னா எங்களுக்குத் தெரியணும்ல?" என்றேன். அக்கறையோடுதான் கேட்டேன். கண்ணாடிக்கு மேலே அதே பார்வை. "எதுக்குக் கேக்குற?" என்றார். நான் மாடிக்குப் போய் என் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். "இத்தனை வருஷம் ஒரே வாசல்ல பொழங்கறேன். என்னையும் அந்தப் போன்காரனையும் ஒரே தராசுல வெச்சுப் பாக்கறாங்கம்மா" என்றேன். அம்மா, "விடுடி, நாத்தனார்னா அப்படித்தான்" என்றார். விட முடியவில்லை. வீட்டுக்கு வந்தவளை வீட்டு மனுஷியாக நினைக்கிறாரா இல்லையா என்ற கேள்வி ஒன்று முள்ளாகவே இருந்தது.

அப்புறம் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தது. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும், மறுநாள் காலையிலேயே என்றார்கள். இன்சூரன்ஸ் அனுமதி வந்தால் பெரும்பகுதிக்குக் கவலையில்லை. மீதிக்கு வைத்திருந்த பணம் முழுவதும் அவருடைய வங்கிக் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்கோடு சேர்ந்த போன் என் கையில் இருந்தது. மாமியார் அப்போது உயிரோடு இல்லை. சித்தப்பா, அதாவது என் மாமனாரின் தம்பி, தி.நகரிலிருந்து வந்து கூடவே இருந்தார். தங்கமான மனுஷர். பதற்றம் வந்தால் மட்டும் பத்துப் பேர் பதற்றத்தை ஒருவரே படுவார்.

சாயங்காலம் போன் அடித்தது.

"வணக்கம் மேடம், ஹெல்த் இன்சூரன்ஸ் கிளெய்ம்ஸ்ல இருந்து பேசறோம். ஏகாம்பரம் சாருக்கு நாளைக்கு பைபாஸ் சர்ஜரி இல்லையா மேடம்?"

ஆமாம் என்றேன். ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னான். பாலிசி நம்பரைத் தடங்கலில்லாமல் வாசித்தான். இவ்வளவு தெரிந்தவன் வேறு யாராக இருக்க முடியும்? கே.ஒய்.சி. பழையதாக இருக்கிறதாம், அதனால் அனுமதி நிற்கிறதாம், ஆறு மணிக்குள் சரிசெய்யாவிட்டால் கிளெய்ம் ரத்தாகிவிடுமாம். பணிவான குரல். "பயப்படாதீங்க மேடம், நான் லைன்லயே இருக்கேன். ஒரு ஓடிபி வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க, சாருக்கு நல்லபடியா முடிஞ்சிடும்" என்றான். எனக்கு அவன் தெய்வமாகத் தெரிந்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு மெசேஜைத் திறந்தேன். கண்ணீரில் எண் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுப் பையோடு அண்ணி வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார், ஸ்பீக்கர் சத்தத்தைக் கேட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார்.

"யாருப்பா?"

"மேடம், ஏகாம்பரம் சாரோட கிளெய்ம்..."

"யாருக்கு ஆபரேஷன்?"

"ஏகாம்பரம் சாருக்கு மேடம்."

அப்போதுதான் என் மண்டையிலும் உறைத்தது. ஏகாம்பரம் என் மாமனார். நம்முடைய பெயருக்கு முன்னால் அப்பா பெயரில் ஒரே ஒரு எழுத்து. கார்டு அடிக்கிற கம்ப்யூட்டருக்கு அது போதாது. எழுத்தை விரித்து, அப்பாவை இழுத்து வந்து பின்னால் நிறுத்திவிடும். அதைப் படிக்கிறவன் அப்பாவையே ஆளென்று நினைத்துக்கொள்வான். இவன் என் வீட்டுக்காரரை அறிந்தவனில்லை, கார்டைப் பார்த்து வாசிக்கிறவன்.

"ஏகாம்பரம் எங்க அப்பா. அவரு கண்ணம்மாபேட்டைக்குப் போயி ரொம்ப நாளாச்சு. ஓடிபி வேணும்னா சுடுகாட்டாண்ட போயி அவரையே கேட்டுக்கோ."

கட் செய்துவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாடி பண்ணிட்டே! கம்பெனிக்காரனே கார்டுல அப்படித்தாண்டி அடிச்சிருக்கான். கம்பெனிக்காரன் அப்படித்தாண்டி கூப்பிடுவான்!"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கார்டிலேயே அப்படி இருக்கும்போது நிஜமான ஆளும் அப்படித்தானே கூப்பிடுவான்? போன் மறுபடி அடித்தது. அண்ணி எடுக்கவில்லை.

"எடுடி! அவனுக்குத்தான் எல்லாம் தெரியுதே. பாலிசி நம்பரே சொல்றான்."

"எல்லாம் தெரிஞ்சவன் எதுக்கு நம்மளக் கேக்குறான், சித்தப்பா?"

"ஒரு நம்பரைச் சொல்றதுல உனக்கு இன்னா கொறைஞ்சுபோச்சு? உன் வீம்புக்கு அவன் உசுரா கெடைச்சுது?"

வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அண்ணியின் கையைப் பிடித்தேன். "அண்ணி, சொல்லிடலாம் அண்ணி. கிளெய்ம் போயிட்டா நாளைக்கு என்ன பண்றது? எனக்குப் பயமா இருக்கு" என்றேன். போன் மூன்றாம் தடவை அடித்தது. அண்ணி அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பணம் குடுக்குறவனுக்கு நம்ம ஓடிபி எதுக்கு? எடுக்குறவனுக்குத்தான் வேணும். வா, கீழ போயி கேப்போம்."

லிஃப்டுக்குள் அவர் என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டே, "தப்பாப் போச்சுன்னா நீ என் மூஞ்சில முழிக்க வேணாம். ஆனா அவன் எனக்கும் தம்பிதான்" என்றார். குரல் உடைந்திருந்தது. அண்ணியின் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை.

கீழே இன்சூரன்ஸ் மேசையில் ஒரு சின்னப் பெண். இருந்த அவசரத்திலும் அண்ணி அவளுடைய கழுத்து அட்டையை எட்டிப் பார்த்து, மேசைக்கு மேலே இருந்த பலகையையும் பார்த்துவிட்டுத்தான் நின்றார். அந்தப் பெண், "பேஷன்ட் டீடெயில்ஸ் சொல்லுங்கம்மா" என்றாள். அண்ணிக்குத் தெரியாததா? தம்பியின் பிறந்த நேரம் வரைக்கும் தெரியும். ஆனாலும் என்னை முன்னால் தள்ளினார்.

"நீ சொல்லு. நீதானே அவன் பொண்டாட்டி."

சொன்னேன். அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"அப்ரூவல் மத்தியானமே வந்துடுச்சேம்மா. எதுவும் பாக்கி இல்ல. இதுக்கெல்லாம் உங்ககிட்ட யாரும் ஓடிபி கேக்க மாட்டாங்க. கேட்டாங்களா? சொல்லலையே?"

"சொல்லல" என்றார் அண்ணி. அவ்வளவுதான். இன்னொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு ஆட்டம் ஆடியிருப்பாள். நானாக இருந்தால் ஆஸ்பத்திரி மைக்கை வாங்கி அறிவித்திருப்பேன். அண்ணி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். போனைத் திருப்பித் தரும்போது, "பேங்குக்குப் போன் போட்டு சொல்லிடு. கார்டுக்குப் பின்னால இருக்குற நம்பருக்குப் போடு, அவன் கூப்பிட்ட நம்பருக்குப் போட்டுடாத" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழத் தோன்றியது. அண்ணிக்கு அதெல்லாம் பிடிக்காது, ஆகவே தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

அவனுக்கு அத்தனையும் எப்படித் தெரிந்தது என்று அப்புறம் குடும்பமே மண்டையை உடைத்துக்கொண்டது. எனக்கும் அண்ணிக்கும் அதற்குப் பதில் கிடைக்க அதிக நேரம் ஆகவில்லை. சித்தப்பா அந்தப் போன் வந்த அன்றைக்குக் காலையிலேயே கார்டைப் படம் பிடித்து, "நம்ம பையனுக்கு பைபாஸ், இந்த ஆஸ்பத்திரி, இந்த கார்டு இங்க செல்லுமா, எல்லாரும் பிரார்த்தனை பண்ணுங்க" என்று தன் பழைய ஆபீஸ் நண்பர்கள் குரூப்பில் போட்டிருந்தார். பிரார்த்தனை பண்ணச் சொன்னால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? கோயில் குரூப், வாக்கிங் குரூப், அபார்ட்மென்ட் குரூப் என்று கும்பிட்ட கையோடு அனுப்பிவைத்திருக்கிறார்கள். எந்தக் கையில் போய் விழுந்ததோ. அண்ணி சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "அழிச்சிடுங்க சித்தப்பா" என்றார். சித்தப்பா குழந்தை மாதிரி அழுதார். "என்னால போயிருக்குமேடி" என்றார். "போவல இல்ல? எழுந்து வந்து சாப்புடுங்க" என்றார் அண்ணி.

அதற்கப்புறம் எத்தனையோ விசேஷங்களில் இந்தப் பேச்சு வந்தது. "யாருதான் அந்தப் படத்தைப் போட்டது?" என்று மெல்லுவார்கள். அண்ணிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும். சித்தப்பா இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணி, "சாம்பார் இந்தாண்ட கொண்டாங்க" என்பார். ஊரார் ரகசியத்தை ஒரு எதிரியிடமிருந்து காப்பாற்றுவது ஒரு கெட்டிக்காரத்தனம். தன்னை வராந்தாவில் நிற்க வைத்துத் திட்டிய ஒருவரின் அவமானத்தையும் அதே அக்கறையோடு காப்பாற்றியதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது நான் போட்டு உடைத்துவிட்டேன். சித்தப்பாவும் இன்றைக்கு இல்லை, இருந்தால் சிரித்திருப்பார்.

இவ்வளவு ஆன பிறகு அண்ணி என்னிடம் மனம்விட்டுப் பேசினாரா என்றால், ம்ஹூம். அதே டேப், அதே பார்வை. நான் கேட்பதையும் விட்டுவிட்டேன். அவர் அப்படி இருந்ததால்தானே என் தாலி என் கழுத்தில் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மனசு என்ன சொன்னாலும் கேட்கிறதா? முள் அங்கேயேதான் இருந்தது.

பிற்பாடு கொஞ்ச நாளாக அண்ணி தைப்பதைக் குறைத்துக்கொண்டார். "கண்ணு தெரியல" என்றார். மெலிந்துகொண்டே போனார். நான் பார்த்தேன், கேட்கவில்லை. அவருக்கு நான் போட்ட சாப்பாட்டில் காரத்தைக் குறைத்தேன், சாதத்தைக் குழைய வடித்தேன். ஒரு காலையில் மாடிப்படி ஏறி வந்து என் சமையலறை வாசலில் நின்றார். அண்ணி மாடிக்கு வருவது அபூர்வம்.

"இன்னைக்கி உனக்கு வேலை இருக்குதா?"

"இல்ல அண்ணி."

"என் கூட ஒரு எடத்துக்கு வரியா?"

எங்கே என்று நான் கேட்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் அவரே இடத்தைச் சொன்னார். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயர். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒருமுறை எங்களைப் பார்த்தார். அண்ணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவர் மடியிலிருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அங்கே இருந்தவர்களுக்கு அண்ணியை நன்றாகத் தெரிந்திருந்தது. எத்தனை தடவை தனியாக வந்து, எத்தனை ஊசியைத் தனியாகக் குத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல எங்கள் வீட்டில் உட்கார்ந்து ரசம் சாப்பிட்டிருக்கிறார்! எனக்குக் கோபம் வந்தது, அழுகை வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு வெளியில் நின்றேன். பெயர் கூப்பிட்டார்கள். அண்ணி எழுந்தார். நான் வழக்கம்போல ஒதுங்கினேன். உள்ளே என்னை எதற்குக் கூப்பிடப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

வாசலில் நர்ஸ் கையை நீட்டி, "கூட வந்தவங்க இங்கயே இருங்க" என்றாள். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபடியே உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

டாக்டர் ஒரு வயதான அம்மாள். ரிப்போர்ட்டைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், அப்புறம் என்னை. "போன தடவையே கேட்டேன்ல? இனிமே நெறைய முடிவு எடுக்க வேண்டியிருக்கும். உங்க விஷயத்தை நான் யார்கிட்ட பேசலாம்? யாருமே வேணாம்னு சொன்னீங்க" என்றார்.

"இவகிட்ட பேசலாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். என்கிட்ட சொல்ல முடியாததும் இவகிட்ட சொல்லுங்க. வேற யாரு கேட்டாலும் வேணாம். தம்பிக்கு நெஞ்சுல ஆபரேஷன் பண்ணிக்கீது, அவன்கிட்ட இவ பக்குவமா சொல்லிப்பா."

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

தம்பி பொண்டாட்டி என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உறவு. அண்ணி கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார், அங்கே டேப் இல்லை. கண்ணாடிக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார்.

"என் மனுஷி" என்றார்.

டாக்டர் பக்கத்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். என் கல்யாணத்தன்று மணையில்கூட நான் அப்படி நிமிர்ந்து உட்காரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சொல்லுங்க டாக்டர்" என்றேன்.